மியூனிக்கில் ஊதிய சங்கு

அத்தியாயம் ஏழு

போலீஸ் படகு டான்யூப் ஆற்றில் இரும்புக் கொக்கியை இறக்கி மெல்ல இழுத்துக்கொண்டு போனது. அதில் எதுவும் மாட்டிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே நெகுலாய் கையிலிருந்த எள் ரொட்டி வளையத்தைக் கடித்தான். பயம் வந்தால் அவனுக்குப் பசிக்கும்.

கரையோரம் நின்ற நீலக் கார் அவுரோரா பெல்டிமானுடையது. கலோவெஷ்தி அரசுப் பல்கலைக்கழகத்தில் செயல்பாட்டு அறிக்கைப் பிரிவுக்கு அவர்தான் தலைவி. திங்கட்கிழமை காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியவர் அலுவலகம் போய்ச் சேரவில்லை. இன்று வியாழன். விடிந்தால் பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கை ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் இருக்கும் கல்வி அமைச்சகத்துக்குப் போயாக வேண்டும். அவர் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. மதிப்பெண் குறைந்தால் கலோவெஷ்தியை இழுத்து மூடி வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஒரு வருடமாகவே ஊரில் பேச்சு.

அவருடைய கணவர் கோஸ்டின் காருக்குப் பக்கத்தில் நின்று, மப்ளரை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். செவ்வாய்க்கிழமை துப்பறிவாளர் ஸ்மராண்டாவின் அலுவலகத்துக்கு வந்து, "போலீஸ் மேல எனக்கு நம்பிக்கை இல்ல, நீங்கதான் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்" என்று கெஞ்சியவர் அவர்தான்.

நெகுலாயின் முதலாளி ஸ்மராண்டா கிகுலெஸ்கு அவரைப் பார்க்கவில்லை. காரைச் சுற்றி வந்தாள். துப்பறியும் தொழிலுக்கு வருமுன் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டும் வேலையில் இருந்தவள் அவள். கண்ணாடி போடாவிட்டால் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. ஆனால் அடுத்த தெருவில் யார் செருப்பைத் தேய்த்து நடக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள்.

"முன் கண்ணாடியில என்ன ஒட்டியிருக்கு, படி."

"வண்டி நிறுத்துற சீட்டு, மேடம்."

"எத்தனை நாளைக்கு?"

நெகுலாய் குனிந்து பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான். "ஒரு வாரத்துக்கு."

"ஆத்துல குதிக்க வர்றவங்க ஒரு வாரத்துக்குச் சீட்டு வாங்கி ஒட்டுவாங்களா?"

"எங்க மாமா ஒட்டுவாரு. அவருக்குச் சாவை விட அபராதத்துக்குத்தான் பயம்."

"இந்தம்மா உன் மாமா இல்ல. திரும்பி வந்து வண்டியை எடுக்கணும்னு நெனச்சிருக்காங்க. அப்போ இங்கேயிருந்து நடந்து போற தூரத்துலதான் எங்கேயோ இருக்காங்க. இருக்கணும்." கடைசிச் சொல்லை அவள் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னது நெகுலாய்க்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அக்கரையிலிருந்து லாரிகளை ஏற்றிவரும் பெரிய படகு சங்கு ஊதியது. முதலில் ஒரு இருமல். பிறகு நீண்ட ஊதல். கடைசியில் தொண்டை கட்டியதைப் போல ஒரு விக்கல். ஊர்க்காரர்கள் யாரும் தலை திருப்பவில்லை. ஸ்மராண்டா மட்டும் நெகுலாயின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இதை நேத்து எங்கே கேட்டோம்?"

"எங்கேயும் கேக்கல மேடம். நேத்து முழுக்க அவுரோரா அம்மா ஆபீஸ்லதானே உக்காந்திருந்தோம்?"

"அங்கேதான் கேட்டோம்."

நெகுலாய்க்கு அப்போதுதான் உறைத்தது. காணாமல் போவதற்கு முன் அவுரோரா கடைசியாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒலிப்பதிவுகளை அவர்களுக்கும் போட்டுக் காட்டியிருந்தார்கள். போன வருடம் படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பதுதான் ஆண்டறிக்கையில் பெரிய மதிப்பெண். அதை விசாரிக்கும் பொறுப்பை ஒரு தனியார் நிறுவனத்திடம் விட்டிருந்தார்கள். அந்த நிறுவனம் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுக் கேட்டு, பதிவு செய்து, சாட்சியாகப் பல்கலைக்கழகத்துக்கும் அமைச்சகத்துக்கும் அனுப்பி வைத்திருந்தது. மியூனிக்கில் கார் தொழிற்சாலையில் ஒரு பெண். க்ளூஜ் நகரத்து வங்கியில் ஒரு பையன். எல்லோரும் அமோகமாக இருந்தார்கள்.

"மியூனிக் பொண்ணு பேசும்போது பின்னாடி இந்தச் சங்கு ஊதிச்சு. க்ளூஜ் பையன் பேசும்போதும் ஊதிச்சு. ஆபீஸ் ஜன்னல் வழியா வருதுன்னு நெனச்சு விட்டுட்டேன். ஆனா பல்கலைக்கழகம் மலைப் பக்கம் இருக்கு. அங்கே ஆத்துச் சத்தம் எட்டாது."

"படகு லீவுக்கு மியூனிக் போயிருக்கும் மேடம். உழைக்கிற படகு, அதுக்கும் ஆசை இருக்காதா?"

"நட."

கோஸ்டினிடம் ஒன்றும் சொல்லாமல், தேநீர் வாங்கப் போகிறவர்களைப் போல இருவரும் படகுத்துறையை நோக்கி நடந்தார்கள். துறையை ஒட்டி ஒரே ஒரு கட்டடம்தான். கீழே மீனைப் புகையில் வாட்டும் கூடம். மேலே இரண்டு தளங்களில் திரை போட்ட ஜன்னல்கள். எந்தக் கதவிலும் பெயர் இல்லை.

ஸ்மராண்டா முற்றத்தின் நடுவில் நின்றாள். "மியூனிக் பொண்ணோட நம்பரைக் குறிச்சு வெச்சியே, அதைக் கூப்பிடு."

"வெளிநாட்டுக்குப் பேசினா என் கார்டு காலியாயிடும்."

"ஆகாது. கூப்பிடு."

நெகுலாய் எண்களை அழுத்தினான். ஸ்மராண்டா கண்ணை மூடிக்கொண்டாள். புகைக் கூடத்தில் யாரோ விறகு போடும் சத்தம். தண்ணீர் கரையில் மோதும் சத்தம். அதற்கு மேலே, இரண்டாவது மாடியில், மெலிதாக ஒரு போன் மணி.

"மியூனிக்கை ரொம்பப் பக்கத்துல கொண்டுவந்துட்டாங்க" என்றான் நெகுலாய்.

படிக்கட்டு இருட்டாக, மீன் எண்ணெய் வாடையோடு ஏறியது. ஸ்மராண்டா முன்னால் போனாள். முதல் மாடித் திருப்பத்தில் இருந்த சிறு ஜன்னல் வழியாக நெகுலாய் கரையைப் பார்த்தான். போலீஸ் படகு கீழ்ப்பக்கமாக நகர்ந்துவிட்டது. கோஸ்டின் மட்டும் தனியாக, காரின் மேல் கவிழ்ந்து தோள் குலுங்க நின்றிருந்தார். நெகுலாய்க்கு மனசு கேட்கவில்லை. போனை எடுத்துக் கிசுகிசுத்தான்.

"அண்ணே, அழாதீங்க. ஆத்துல இருக்க மாட்டாங்கன்னு மேடம் சொல்றாங்க. நாங்க மீன் கூடத்து மாடிக்குப் போறோம். கொஞ்ச நேரத்துல நல்ல சேதி சொல்றேன்."

"ரொம்ப நன்றி தம்பி" என்றார் கோஸ்டின்.

மாடியில் ஸ்மராண்டா கதவைத் தட்டவில்லை, தள்ளினாள். உள்ளே நீண்ட மேசை. ஐந்து இளைஞர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் நாலைந்து கைபேசிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டிய துண்டுக் காகிதத்தில் ஒரு ஊர்ப் பெயர். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையில் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்த போனில் 'மியூனிக்' என்று எழுதியிருந்தது.

"மியூனிக்ல மழையா?" என்றான் நெகுலாய்.

அந்தப் பெண் மற்றவர்களைப் பார்த்தாள். ஒல்லியான முகம், கண்ணில் தூக்கமின்மை. அவள் பெயர் இலிங்கா என்று பிறகு தெரிந்தது. "நீங்க அமைச்சகமா?"

"இல்ல. ஒருத்தங்களைத் தேடிட்டு வந்தோம்" என்றாள் ஸ்மராண்டா. "நீங்கல்லாம் கலோவெஷ்தியில படிச்சவங்களா?"

"எல்லாரும்தான். நான் நீரியல். ராரேஷ் வரலாறு. அவங்க மூணு பேரும் கணக்கு."

"படிச்சு முடிச்சு என்ன வேலை கிடைச்சுது?"

தாடி வைத்த ராரேஷ் கசப்பாகச் சிரித்தான். "இதுதான். யார் கூப்பிட்டாலும் வேலை கிடைச்சிடுச்சுன்னு சொல்றது. அதுக்குத்தான் சம்பளம். கூடப் படிச்சவங்கள்ல பாதிப் பேருக்கு எங்க குரல்தான். இந்த வருஷம் அமைச்சகத்துக்காரங்களே போன் பண்ணிச் சரிபாக்கறாங்கன்னு நேத்துலேர்ந்து ஒரு நிமிஷம் எழுந்திரிக்க விடல."

"யாரு விடல?"

"மேலாளர். ஆளைப் பாத்ததில்ல. போன்ல ஸ்பீக்கரைப் போட்டு அதட்டுவார், அவ்வளவுதான்."

நெகுலாய் தலையைச் சொறிந்தான். "வேலை இல்லாதவங்களுக்கு, வேலை இருக்குன்னு சொல்ற வேலையைக் குடுத்து, அதையும் வேலைக் கணக்குல சேத்துட்டானா? மேடம், அந்த ஆளைப் பிடிக்கறதா, மந்திரி ஆக்கறதா?"

ஸ்மராண்டா சிரிக்கவில்லை. அறையின் கோடியில் நின்ற மர அலமாரியை நோக்கித் தலையைச் சாய்த்திருந்தாள். "அவுரோரா பெல்டிமான் இங்கே வந்தாங்களா?"

"இல்ல" என்றாள் இலிங்கா. "இல்ல" என்றார்கள் மற்றவர்களும். ஒரே மாதிரி, ஒரே நேரத்தில், ஒரு சுருதி பிசகாமல்.

"நல்லாப் பழகியிருக்கீங்க" என்றாள் ஸ்மராண்டா. மேசையில் ஒட்டியிருந்த எண்களைப் பார்த்து, தன் போனிலிருந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தாள். ராரேஷ் முன்னால் ஒரு மணி அடித்தது. இலிங்கா முன்னால் ஒன்று. அடுத்தது கான்ஸ்டன்ட்சா என்ற ஊரின் எண். மேசையில் எதுவும் அசையவில்லை. அலமாரிக்குப் பின்னால் மணி அடித்தது.

மணி நின்றது. யாரோ எடுத்திருக்கிறார்கள்.

"வணக்கம்" என்றாள் ஸ்மராண்டா, அரசாங்கக் குரலில். "நீங்கள் தற்போது வேலையில் இருக்கிறீர்களா?"

போனிலும் அலமாரிக்குப் பின்னாலுமாக ஒரே பதில் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. "இருந்தேன். போன வாரம் வரைக்கும்."

ஸ்மராண்டா போனை வைத்தாள். "வெளியில வாங்க, அவுரோரா. பொய் சொல்ல வராத ஒருத்தங்க இந்த அறையில இருந்தா அது நீங்களாத்தான் இருக்கணும்."

அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்த பெண்ணின் கோட்டு கசங்கியிருந்தது. முகம் கழுவி நாளானதைப் போல இருந்தது. இலிங்கா எழுந்து அவருக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"இவங்களைக் கொண்டுபோகக் கூடாது" என்றாள். "படிச்சு முடிச்சதிலேர்ந்து எங்களைப் பத்தி எத்தனையோ அறிக்கை போயிருக்கு. நீங்க எப்படிம்மா இருக்கீங்கன்னு கேட்ட முதல் ஆள் இவங்கதான்."

"யாரும் கொண்டுபோகப் போறதில்ல" என்றாள் ஸ்மராண்டா. "ஏன் அமைச்சகத்துக்குப் போகாம இங்கே உக்காந்திருக்கீங்க?"

அவுரோரா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நானாப் போய்ச் சொல்ற தைரியம் எனக்கு இல்ல. ஆனா யாராவது நேராக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன், அது தெரியும். அதனால ஒரு போனை எடுத்து வெச்சுக்கிட்டு, அவங்க கேக்கட்டும்னு காத்துட்டிருக்கேன். இன்னும் கேக்கல."

"உங்க வீட்டுக்காரர் கரையில நின்னு அழுதுட்டிருக்காரு. அவர்தான் எங்களை..."

அவுரோரா முடிக்க விடவில்லை. "நான் இங்கே இருக்கறதை அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லையே" என்றாள் ஸ்மராண்டா.

நெகுலாய் எதுவும் பேசவில்லை. மூன்று வருடத்தில் அவன் பேசாமல் இருந்து ஸ்மராண்டா பார்த்ததே இல்லை. மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத, ஈரக் காலணிச் சத்தம்.

கதவைத் திறந்த கோஸ்டினின் கண்கள் இன்னும் சிவந்திருந்தன. "அவுரோரா, கண்ணு" என்றார். "இப்படிப் பயமுறுத்தலாமா?"

அன்பான குரல்தான். ஆனால் அதைக் கேட்டதும் ஐந்து இளைஞர்களும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்ததைப் போல. ராரேஷின் உதடுகள் ஒரு சொல்லைச் சொல்லின. மேலாளர்.

கோஸ்டின் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டான்.

"சரி, தெரிஞ்சதும் நல்லதுதான்" என்றான். தோள்பையிலிருந்து கனமான ஆண்டறிக்கையை எடுத்து மேசையில் வைத்தான். "கையெழுத்துப் போடு, வீட்டுக்குப் போகலாம். நாளைக்கு எல்லாம் முடிஞ்சிடும்."

"பதிவுல உன் குரல் கேட்டுது, கோஸ்டின்" என்றார் அவுரோரா. "அந்த மியூனிக் பதிவோட கடைசியில, 'அடுத்த ஆள்'னு ஒரு குரல். பக்கத்துத் தலையணையில கேக்கற குரல் எனக்குத் தெரியாதா? நீ இங்கே சரக்கு வெச்சிருக்கறதாத்தானே சொன்ன? என்ன சரக்குன்னு பாக்க வந்தேன்."

"பாத்தியா? அஞ்சு குடும்பம் சாப்பிடுது. பல்கலைக்கழகம் மூடினா இந்த ஊர்ல எத்தனை வீட்டுல அடுப்பு எரியாது, அதையும் யோசி."

"திங்கட்கிழமையே இங்கே கூப்பிட்டு விசாரிச்சிருப்பீங்களே" என்றாள் ஸ்மராண்டா.

"விசாரிச்சேன். யாரும் வரலைன்னு சொன்னாங்க, இந்தப் பசங்க."

"போன்ல பொய் சொல்லத்தானே பழக்கினீங்க" என்றாள் இலிங்கா.

கோஸ்டின் அவள் பக்கமே திரும்பவில்லை. "கார் இங்கே நின்னதைப் போலீஸ் கண்டுபிடிச்சதும் புரிஞ்சுது. ஆனா போலீஸ் பாத்துட்டிருக்கும்போது நான் எப்படி மாடி ஏறுவேன்? உங்ககூட வந்த தம்பி நல்ல பையன், அவனே சேதி சொன்னான்."

நெகுலாய் சுவரைப் பார்த்தான். அதில் மறைந்துகொள்ள இடம் இல்லை.

"கையெழுத்துப் போடலைன்னா?" என்றார் அவுரோரா.

"அதுக்கும் வழி இருக்கு. இந்த அறையோட வாடகை ஒப்பந்தம் யார் பேருல இருக்குன்னு நெனைக்கற? உன் பேருல. இந்தப் போன்களும் உன் பேருல. கம்பெனி உன் பேருல. நம்பிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்த காகிதமெல்லாம் ஞாபகம் இருக்கா? அறிக்கை போகணும், இல்லைன்னா நீ இந்த அறையில உக்காந்திருந்ததைக் கண்ணால பாத்த சாட்சி எனக்கு வேணும், பழி முழுக்க உன் மேல விழ." ஸ்மராண்டாவைப் பார்த்து லேசாகத் தலை வணங்கினான். "உங்களை எதுக்கு வெச்சேன்னு இப்போ புரியுதா, மேடம்?"

அந்த அழுகை பொய்யில்லை என்று நெகுலாய்க்குத் தோன்றியது. எதற்காக அழுகிறான் என்றுதான் கேட்காமல் விட்டோம். கை தானாகப் பைக்குள் போய் ரொட்டியைத் தேடியது. ரொட்டி தீர்ந்துபோயிருந்தது.

மேசையில் ஒரு போன் அடித்தது. கான்ஸ்டன்ட்சா இல்லை. மியூனிக். திரையில் புகாரெஸ்ட் எண்.

"எடு" என்றான் கோஸ்டின் தாழ்ந்த குரலில். "பழக்கினதைச் சொல்லு."

இலிங்கா போனைக் கையில் எடுத்தாள். அவளுக்கு இந்தச் சம்பளத்தை விட்டால் வேறு கிடையாது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. அவுரோரா இரண்டு எட்டில் மேசையைக் கடந்து, போனை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார். கோஸ்டின் பாய்ந்தான். நெகுலாய் எப்படி நடுவில் போய் நின்றான் என்று அவனுக்கே தெரியாது. தோளில் ஒரு குத்து விழுந்தது. கீழே விழாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு, இடத்தை விடாமல் நின்றான்.

"கல்வி அமைச்சகத்திலிருந்து பேசுகிறோம்" என்றது ஒரு பெண் குரல். அவுரோரா ஸ்பீக்கரைப் போட்டிருந்தார். "தாங்கள் மியூனிக்கில் பணிபுரிவதாகப் பதிவாகியிருக்கிறது. சரிதானே?"

"சரியில்ல" என்றார் அவுரோரா. "என் பேர் அவுரோரா பெல்டிமான். கலோவெஷ்தி பல்கலைக்கழகத்தோட அறிக்கைப் பிரிவுத் தலைவி. நீங்க கூப்பிட்ட பொண்ணு மியூனிக்ல இல்ல, இங்கே படகுத்துறை மாடியில இருக்கா. உங்களுக்கு வந்த பதிவுகளெல்லாம் இந்த அறையிலதான் தயாராச்சு. இந்த அறை என் பேருல இருக்கு. எழுதிக்கோங்க."

கோஸ்டின் பின்வாங்கினான். உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. அவளாகவே தலையைக் கொடுத்துவிட்டாள் என்ற சிரிப்பு. வாயைத் திறக்கப் போனான்.

அதற்குள் இலிங்கா போனுக்கு அருகே குனிந்தாள். "மேடம், நான்தான் அந்தப் பொண்ணு. அறை இவங்க பேருல இருக்கலாம். ஆனா இவ்வளவு நாளா எங்களை அதட்டிப் பொய் சொல்ல வெச்சது ஆம்பளைக் குரல். கேட்டா நாங்க அஞ்சு பேரும் அடையாளம் சொல்வோம்."

"எந்தக் கூட்டத்துலயும்" என்றான் ராரேஷ்.

எதிர்முனையில் பேனா நின்றது. "அந்தக் குரலுக்கு உரியவர் இப்போது அங்கே இருக்கிறாரா?"

எல்லோரும் கோஸ்டினைப் பார்த்தார்கள். அவன் வாய் திறந்தபடியே நின்றிருந்தது. மறுத்தால் அது அந்தக் குரல். கெஞ்சினாலும் அந்தக் குரல். ஸ்மராண்டா தன் போனில் அவன் குரலைப் பதிவு செய்யத் தொடங்கி மேசையில் வைத்தாள்.

"பேசுங்கண்ணே" என்றான் நெகுலாய், தோளைத் தேய்த்துக்கொண்டே. "ஒரு வார்த்தை. மழையைப் பத்தி ஏதாவது."

கோஸ்டின் வாயை மூடினான். அறிக்கையை எடுக்கக் கை நீட்டி, எடுக்காமல், தாழ்ப்பாளை விலக்கிக்கொண்டு படியிறங்கினான். போலீஸ் படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஸ்மராண்டா ஜன்னலைத் திறந்து கையை அசைத்துக் காவலர்களை அழைத்தாள். அவுரோரா எட்டிப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

போன் இன்னும் இணைப்பில் இருந்தது. அமைச்சகத்துப் பெண் தொண்டையைச் செருமினாள். அவளுக்கு முன்னால் இருந்த படிவத்தில் இப்படி ஒரு பதிலுக்கு இடமில்லை போலிருக்கிறது.

"மன்னிக்க வேண்டும், நான் எதையாவது குறித்தாக வேண்டும்" என்றாள். "உங்களை எந்தப் பிரிவில் சேர்ப்பது?"

இலிங்கா மேசையைப் பார்த்தாள். பாதி உலகத்து ஊர்களும் அங்கே வரிசையாகக் கிடந்தன. மியூனிக் என்று எழுதியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"இப்போதிலிருந்து வேலை இல்லாதவங்கன்னு போட்டுக்கோங்க, மேடம்" என்றாள். "பேரைச் சரியா எழுதுங்க. இலிங்கா மொராரு. நீரியல்ல முதல் வகுப்பு."

பக்கத்தில் இன்னொரு போன் அடித்தது. ராரேஷ் தாடியைத் தடவிக்கொண்டு, அதன் முதுகிலிருந்த ஊர்ப் பெயரைக் கிழித்துவிட்டு எடுத்தான்.